நார்மல்

இந்த வருஷத்தில் ஏழாவது தடவையாக
ஒச்சப்பன் ஐயா கையை நீட்டுகிறார்.
நரம்பைத் தேட வேண்டியதில்லை.
தையில் இருந்த சதை ஆவணியில் இல்லை.

செல்லூரில் எங்கள் லேப், கீழே புரோட்டாக் கடை.
மாவு அடிக்கிற சத்தம்
நெஞ்சுக்குள் விழுகிறது என்பார்.
போன மாதம் நெஞ்சு. அதற்கு முன் முழங்கால்.
அதற்கும் முன் வயிற்றில் ஒரு எரிச்சல்,
"எரிச்சல்னும் சொல்ல முடியல தாயி,
என்னமோ பண்ணுது."
என்னமோ என்பதற்கு எங்களிடம் டெஸ்ட் இல்லை.
சர்க்கரை, உப்பு, தைராய்டு, ஈரல்,
எல்லாம் நார்மல் என்று அடித்துக் கொடுக்கிறேன்.
நல்ல செய்தியை இவ்வளவு வாட்டமாய் வாங்கிப்போகிற ஆளை
நான் பார்த்ததில்லை.

முப்பத்தோரு வருஷம் மின்வாரியத்தில் ரீடிங் எடுத்தவர்.
யானைக்கல்லிலிருந்து ஆரப்பாளையம் வரை
எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் மோர் என்று
சர்வீஸ் நம்பரோடு சொல்வாராம்.
இப்போது சாப்பிட்ட மாத்திரையே மறந்துபோகிறது.

பிள்ளைகள் கைவிட்டார்கள் என்று எழுத
வசதியாகத்தான் இருக்கும்.
அப்படியில்லை. மகன் மாடியில்.
ஞாயிறு தவறாமல் குடல் குழம்பு.
ஒரு வாய் வைத்துவிட்டு
உப்பில்லை என்று தள்ளிவிடுகிறார்.
ஒருநாள் தட்டு சுவரில் போய் அடித்தது.
அழுததில்லை. கவலை என்று ஒரு சொல் சொன்னதில்லை.
வயசானால் இப்படித்தான் என்றார்கள்
எதிர்வீட்டில், மருந்துக்கடையில்,
நானும்.

வெளிப் பெஞ்சில் பேச்சியம்மாள்
வரிசையில்லாமல் சொன்னது:
ராத்திரி மூணு மணிக்கே முழித்து
ஃபேனைப் பார்த்தபடி கிடப்பார்.
பெல்ட்டில் ஆணியடித்து ரெண்டு புது ஓட்டை.
அழகர் இறங்கிய அன்று தெருவே ஆற்றுக்குப் போக
ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.
பிறகு, நல்ல சேதி போல ஒன்று:
"இப்பத்தான் அவுகளுக்குப் பொறுப்பு வந்திருக்கு.
பத்திரம், பென்ஷன் புக்கு, பீரோ சாவி
எல்லாத்தையும் கவர்ல போட்டுப் பேரெழுதி
எங்கிட்டக் குடுத்துட்டாக."

என் கையில் ஊசி நின்றது.

பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னேன்,
"இந்தத் தடவையும் ஒண்ணும் இருக்காதுங்கய்யா."
"ஏதாச்சும் இருந்தாத் தேவல."
கொஞ்ச நேரம் கீழே புரோட்டாக் கல் மட்டும் பேசியது.
அப்புறம் அவராகவே:
"பூட்டுன வீட்டுக்கு ரீடிங் எடுக்கப் போவேன்.
ஆள் இருக்காது, சுவிட்ச் பூராம் ஆஃப்.
மீட்டர் மட்டும் ஊர்ந்துகிட்டு இருக்கும்.
எங்கயோ கசியுதுன்னு அர்த்தம்.
செவுத்தத் தொட்டாச் சுர்ருங்கும்.
பாத்தா ஒண்ணும் தெரியாது தாயி."

நான் டாக்டர் இல்லை,
கட்டங்களில் எண்களை நிரப்புகிறவள்.
அன்று படியேறிப் போய் டாக்டரம்மாவிடம்
கவரைப் பற்றிச் சொன்னேன். சாவியையும்.
அவர் ஐயாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.
செத்துப்போகணும்னு தோணுதா என்று
நேராகவே கேட்டாராம்.
நாற்பது நிமிஷம்.
பன்னிரண்டாம் டோக்கன் வரை முணுமுணுத்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு எழுதிய சீட்டை
ரவிக்கைக்குள் மடித்து வைத்தார் பேச்சியம்மாள்.
"இவுக அந்த மாதிரி ஆளில்லையே."
ஆனாலும் போனார்கள்.
மாத்திரை பிடிக்க வாரக்கணக்காகும் என்றார்களாம்.
மகன் இப்போது கீழே,
அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கிறான்.

கார்த்திகையில் ஒருநாள் வந்தார்.
முகத்தைப் பாதி மழித்திருந்தார்.
தேறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன்.
கையை நீட்டாமல் அண்ணாந்து பார்த்தார்.
"இந்த டியூப்லைட் என்ன இப்பிடி உறுமுது?
சோக்க மாத்தச் சொல்றதுக்கென்ன?"
கொஞ்சம் கோபமாகத்தான்.

மாற்றச் சொல்லியிருக்கிறேன்.